இல்லாத நாற்காலியைக் கேட்பது எப்படி?

வேலை செய்யும் இடத்தில் இதுவரை இல்லாத ஒரு பொறுப்பைத் தனக்கென்று உருவாக்கித் தரும்படி கேட்பது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, பெயர்களை விலக்கி, இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஐந்து வருடமாக ஆர்டர் பிரிவில் இருக்கிறேன். ஆர்டர் பதிவதும் பில் சரிபார்ப்பதும்தான் என் வேலை. ஆனால் திரும்பி வரும் சரக்கு ஏன் திரும்பியது என்று கண்டுபிடித்து, கஸ்டமரிடம் பேசி முடித்துவைப்பதும் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. எனக்குப் பிடித்ததும் அதுதான். அதையே என் வேலையாக்கித் தரும்படி கேட்கலாமா? எங்கே தொடங்குவது?

கேட்கலாம். ஆனால் நாளைக்கே வேண்டாம், நான்கு வாரம் போகட்டும். அந்த நான்கு வாரமும் ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ குறித்து வாருங்கள். ஐந்து கட்டங்கள் போதும்: தேதி, என்ன வேலை, யார் கேட்டார், எத்தனை நிமிடம், நீங்கள் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். பலர் விட்டுவிடுவது அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். பிற்பாடு உங்களுக்காகப் பேசப்போவதும் அதுதான். மாதக் கடைசியில் வேலை குவியும் இடமென்றால் அந்த நாட்களும் கணக்குக்குள் வரவேண்டும். வார இறுதியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். எரிச்சல் தந்த வேலை எப்போதும் இரண்டு மடங்கு நேரம் பிடித்த மாதிரியே தோன்றும்.

பிறகு கணக்கு. மாதம் 40 சரக்கு திரும்புகிறது, ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 45 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவருக்கு மாதம் சுமார் 170 மணி நேரம் வரும். அப்படியானால் நீங்கள் சொல்லும் வேலை ஓர் ஆளின் நேரத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. முழுநேரப் பொறுப்பு கேட்டுவிட்டு 30 மணி நேரத்துக்குக் கணக்குக் காட்டினால், முதல் பத்தியிலேயே காகிதம் மேசைமேல் திரும்பிவிடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வாரத்தில் ஒரு நாள் என்று அளவாகக் கேட்பது. இன்னொன்று, அதே வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் யாருடையதும் அல்லாத மற்ற வேலைகளையும் சேர்ப்பது. காரணம் வாரியாகப் பிரித்து மாத ரிப்போர்ட் தருவது, பேக்கிங் பிரிவோடு வாரம் ஒருமுறை உட்காருவது, முகவரிப் பிழையை ஆர்டர் பதியும்போதே பிடிக்க ஒரு சரிபார்ப்பு வைப்பது. திரும்பிய 40-இல் 14 முகவரிப் பிழையால் வந்தவை என்று உங்கள் நோட்டு காட்டினால், புகாரைத் தீர்க்கும் ஆள் என்ற இடத்திலிருந்து புகாரைக் குறைக்கும் ஆள் என்ற இடத்துக்கு நகர்ந்துவிடுகிறீர்கள். சம்பளம் தருபவருக்கு இரண்டாவது ஆள்தான் வேண்டும்.

ஆனால் அப்போது ஒரு குறுக்குக் கேள்வி வரும்: "புகார் குறைந்துவிட்டால் அப்புறம் உங்களுக்கு என்ன வேலை?" சிரித்துச் சமாளிக்க முடியாத கேள்வி இது. இரண்டாம் வருடம் என்ன செய்வீர்கள் என்று ஒரு வரியாவது கையில் இருக்கட்டும்.

கேள்வி: என் யோசனையைப் பதினொரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் இன்னும் படிக்கவில்லை. சுருக்கினால் விஷயம் போய்விடாதா?

போகாது. ஒரு பக்கம்தான் அளவு. மீதிப் பத்துப் பக்கமும் கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு.

அந்த ஒரு பக்கத்தில் வரவேண்டியவை: இப்போது எது சரியாக நடக்கவில்லை, அதனால் எவ்வளவு நேரமோ பணமோ போகிறது, அதை யார் எப்படிச் செய்தால் சரியாகும், ஏன் நீங்கள், இப்போது உங்களிடம் இருக்கும் வேலை யாரிடம் போகும், எந்த எண் எவ்வளவு மாறினால் வெற்றி, அவரிடம் நீங்கள் கேட்கும் முடிவு என்ன, எந்தத் தேதிக்குள். இந்த வரிசையும் முக்கியம். பெரும்பாலான கடிதங்கள் "ஏன் நான்" என்பதில் தொடங்குகின்றன.

"கடந்த ஐந்து வருடமாக அர்ப்பணிப்போடு உழைத்துவருகிறேன், என் திறமையைப் பயன்படுத்தும் புதிய வாய்ப்பை எதிர்பார்க்கிறேன்" என்று தொடங்கும் கடிதத்துக்கு "பார்க்கலாம்" என்பதைத் தவிரப் பதில் கிடையாது. அதையே இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "மாதம் சுமார் 40 சரக்கு திரும்புகிறது. ஒவ்வொன்றையும் நான்கு பேர் மாறி மாறிக் கையாள்வதால் முடிக்கச் சராசரியாக ஆறு நாள் ஆகிறது. ஒரே ஆளின் பொறுப்பில் விட்டால் இரண்டு நாளில் முடிக்கலாம்." இதைப் படித்தவர் மறுக்க வேண்டுமென்றால்கூட ஓர் எண்ணைக் குறிப்பிட்டுத்தான் மறுக்க வேண்டும். உங்களுக்குத் தேவை அந்தப் பேச்சு.

மறக்காதீர்கள், இந்தக் காகிதம் நீங்கள் இல்லாத அறைக்குப் போகும். உங்கள் மேனேஜர் அவருக்கு மேலே உள்ளவரிடம் இதைக் காட்டித்தான் பேசுவார். உங்கள் பிரிவுக்குள் மட்டும் புழங்கும் சுருக்கப் பெயர்களையும் ஃபைல் எண்களையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: யோசனை அருமை என்றார்கள். "ஆனால் இப்போது உங்களை விட முடியாது" என்றும் சொல்லிவிட்டார்கள். நன்றாக வேலை செய்ததுதான் தப்பா?

தப்பு வேலையில் இல்லை, ப்ரொபோசலில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கின்றன, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

உங்கள் மேனேஜரின் கண்ணிலிருந்து பாருங்கள். நீங்கள் புது இடத்துக்குப் போனால் பழைய இடம் காலி. அதற்கு ஆள் கேட்டால் மேலே ஒப்புதல் கிடைக்குமோ கிடைக்காதோ. கிடைக்காவிட்டால் அவருக்கு ஒரு ஆள் குறைந்தது குறைந்ததுதான். டார்கெட் மட்டும் குறையாது. புதுப் பொறுப்பு வேறு பிரிவின் கீழ் போகிறதென்றால் இழப்பு அவருக்கு, லாபம் இன்னொருவருக்கு. இந்தப் பயத்தை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். "இப்போது விட முடியாது" என்பது அதன் மரியாதையான வடிவம்.

ஆகவே இப்போது செய்யும் வேலை முழுவதையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மாதம் எத்தனை மணி நேரம், எந்தக் கெடு, தவறினால் யாருக்கு அடி என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றின் முன்னாலும் நான்கில் ஒரு குறி போடுங்கள்: நிறுத்தலாம், சுருக்கலாம், இன்னொருவரிடம் கொடுக்கலாம், என்னிடமே இருக்கட்டும். 'நிறுத்தலாம்' என்ற பட்டியல் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாக இருக்கும். யாரோ எப்போதோ கேட்ட ரிப்போர்ட், அவர் போன பிறகும் வாரா வாரம் போய்க்கொண்டிருக்கும். ஆனால் சொல்லாமல் நிறுத்திப் பார்க்கும் சோதனை வேண்டாம். பெறுபவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

இன்னொருவரிடம் கொடுப்பவற்றில், அந்த ஆளுக்கு அது வளர்ச்சியாக இருக்கிறதா, வெறும் சுமையா என்று பாருங்கள். ஜூனியர் ஒருவருக்கு முதல்முறையாகக் கஸ்டமரோடு பேசும் வாய்ப்பு என்றால் அவரே விரும்பி வாங்கிக்கொள்வார். ஏற்கெனவே மூச்சு முட்ட வேலை செய்பவரின் பெயரை அவரைக் கேட்காமல் காகிதத்தில் எழுதினீர்களானால், உங்கள் ப்ரொபோசலுக்கு முதல் எதிரி அவர்தான்.

கைமாற்றும் காலத்தைக் குறைத்துப் போடாதீர்கள். தினசரி வேலையென்றால் மூன்று வாரத்தில் முடியும்: முதல் வாரம் நீங்கள் செய்ய அவர் பார்க்கிறார், இரண்டாம் வாரம் அவர் செய்ய நீங்கள் பார்க்கிறீர்கள், மூன்றாம் வாரம் அவர் செய்து முடித்தபின் நீங்கள் சரிபார்க்கிறீர்கள். மாதாந்திர வேலைக்கு இந்தக் கணக்கு உதவாது. மாதக் கணக்கு முடிப்பது மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அதே மூன்று படியை ஏற மூன்று மாதம் வேண்டும். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டதாக நினைத்துப் போனவர்களைத்தான் அடுத்த மாதக் கடைசியில் பழைய பிரிவு போன் போட்டுத் திரும்ப இழுக்கிறது. சிஸ்டத்தில் அனுமதி, கையெழுத்து அதிகாரம், பொது மெயில் பெட்டி, இவை எல்லாமே புது ஆள் பெயருக்கு மாறினால்தான் வேலை கைமாறியதாகப் பொருள்.

இந்தப் பட்டியலை இணைத்து மறுபடியும் கொடுங்கள். "விட முடியாது" என்ற பதில் "எப்போதிலிருந்து?" என்ற கேள்வியாக மாற வாய்ப்பு உண்டு.

கேள்வி: முதலில் யாரிடம் பேசுவது? எச்.ஆரிடமா, மேனேஜரிடமா, அவருக்கும் மேலே உள்ளவரிடமா?

மேனேஜரிடம். காகிதம் இல்லாமல், இருபது நிமிடம், வாய்வார்த்தையாக. "இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கு எங்கே இடிக்கிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஆட்சேபத்துக்கு விடை கண்டபிறகு எழுதினால், அந்தக் காகிதத்தில் அவருக்கும் பங்கு வந்துவிடுகிறது. அவரைத் தாண்டி மேலே போனால், அங்கே எவ்வளவு நல்ல வரவேற்பு இருந்தாலும், கடைசியில் "உங்கள் மேனேஜர் என்ன சொல்கிறார்?" என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும். எச்.ஆர். மூன்றாவது. பதவியின் தரநிலை, பெயர், நடைமுறை ஆகியவற்றுக்கு.

காலமும் உண்டு. அடுத்த வருடத்துக்கான பட்ஜெட் முடிவாவதற்கு மூன்று, நான்கு மாதம் முன்பு பேசினால் அதில் ஒரு வரியாக இடம் கிடைக்கும். பட்ஜெட் மூடிய அடுத்த வாரம் கேட்டால், எவ்வளவு நல்ல யோசனையும் ஒரு வருடம் காத்திருக்கும். அப்ரைசல் கூட்டத்தில் இதை எடுக்கவே வேண்டாம். அங்கே எதைக் கேட்டாலும் இன்க்ரிமென்ட் பேரமாகவே காதில் விழும்.

கேள்வி: "முதலில் டெசிக்னேஷன் தருகிறோம், சம்பளத்தைப் பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

'பிறகு' என்பதற்குத் தேதி போட்டால் ஒத்துக்கொள்ளலாம். இன்ன தேதியில், இன்ன எண்ணைப் பார்த்து, இன்னார் முடிவெடுப்பார் என்று ஒரு மெயிலில் வரட்டும். அவர்கள் எழுதாவிட்டால் நீங்களே எழுதுங்கள்: "இன்று பேசியதை நான் புரிந்துகொண்டது இது, மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்." இதற்குச் சட்டபூர்வமான பலம் எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆனால் ஆறு மாதம் கழித்து மேனேஜரே மாறிப்போனால் கையில் இருக்கப்போவது இந்த மெயில் ஒன்றுதான்.

சம்பளத்தில் இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக உண்டு: வேலை கூடினால் தரநிலை கூடும் என்பது. பதவிகளை எடைபோடும் முறைகள் அப்படி அமைக்கப்பட்டவை அல்ல. பெரிய நிறுவனங்களில் பரவலாக உள்ள 'ஹே முறை' மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: அந்த வேலைக்கு வேண்டிய அறிவும் திறனும், அதில் தீர்க்கவேண்டிய சிக்கலின் கடினம், முடிவுக்கு நீங்கள் ஏற்கும் பொறுப்பு. ஒரு நாளைக்கு 60 பில் பார்த்தவர் 90 பில் பார்த்தால் இந்த மூன்றில் எதுவும் மாறுவதில்லை. பில்லில் இன்ன அளவு வரை தள்ளுபடி தர அவரே முடிவெடுக்கலாம் என்றால் மாறுகிறது. ஆகவே பொறுப்பு விவரத்தில் 'உதவுவது', 'ஒருங்கிணைப்பது' என்ற சொற்களைக் குறைத்து, எதில் நீங்களே முடிவெடுப்பீர்கள், எந்த அளவு வரை என்பதை எழுதுங்கள். வெறும் பணிவுக்காக 'உதவுவது' என்று எழுதித் தரநிலையை இழந்தவர்கள் அனேகம்.

கேள்வி: புதுப் பொறுப்புக்கு என்ன பெயர் வைக்கலாம்?

வெளியிலும் புரியும் பெயர். வேலை தேடும் தளத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் நாலு விளம்பரமாவது வரவேண்டும். எச்.ஆர். சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். 'தலைமை', 'ஹெட்' எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். அந்தச் சொல்லுக்காகவே எதிர்ப்பு கிளம்பும்.

கேள்வி: மூன்று மாதம் பரிசோதனையாகச் செய்து பார்க்கச் சொன்னார்கள். இரண்டாம் மாதமே மூச்சு வாங்குகிறது. பழைய வேலையிலும் தவறு வருகிறது. விட்டுவிடலாமா?

விடவேண்டாம், நிறுத்திவைத்துப் பேசுங்கள். பரிசோதனைக்காலம் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான்: புது வேலை சேர்கிறது, பழைய வேலை குறைவதில்லை. இரண்டும் அரைகுறையாகி, கடைசியில் "அந்தப் பொறுப்பு தேவையே இல்லை போலிருக்கிறது" என்று முடிவாகிறது. கூட்டத்தில் யாரும் மணி நேரத்தைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

இந்த வாரமே மேனேஜரிடம் மூன்றைச் சரிசெய்யக் கேளுங்கள். முதலாவது நேரம்: வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம் புது வேலைக்கு என்று காலண்டரில் அடைத்துவையுங்கள், அது மற்றவர்களுக்கும் தெரியட்டும். இரண்டாவது டார்கெட்: நேரத்தில் 20 சதவீதம் புது வேலைக்குப் போகிறதென்றால் பழைய டார்கெட் 100 என்பது 80 ஆகவேண்டும். இதைக் கேட்க மறந்தவர்கள் வருடக் கடைசியில் இரண்டுக்கும் சேர்த்து மார்க் இழக்கிறார்கள். அப்ரைசலில் புது வேலைக்கு மார்க் போடுவது யார் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். மூன்றாவது அளவுகோல்: தொடங்கும் முன் இருந்த எண் என்ன? அதைக் குறித்துவைக்காமல் ஆரம்பித்திருந்தால், பழைய பதிவுகளிலிருந்து முந்தைய மூன்று மாத எண்ணையாவது எடுத்துவிடுங்கள். 'முன்பு' இல்லாமல் 'பின்பு'க்கு மதிப்பில்லை.

முடிவுத் தேதியை ஒரு கூட்டமாகவே எல்லோர் காலண்டரிலும் போடுங்கள். தேதி இல்லாத பரிசோதனை, சம்பளம் இல்லாத இரண்டாவது வேலையாக நீண்டுவிடும்.

கேள்வி: நான் எழுதிக்கொடுத்த யோசனையை ஏற்று அந்தப் பதவியை உருவாக்கினார்கள். ஆனால் எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்து, வெளியாளை எடுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

நடந்ததை மாற்றுவது கடினம். ஏன் தேர்வாகவில்லை என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புது ஆளுக்கு நீங்கள் தகவல் தரவேண்டியிருக்கும். அதைப் பொறுப்பு விவரத்துக்குள் வைத்து அளவாகத் தாருங்கள்.

இதே வழியில் போக நினைக்கும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது உண்டு. 'புதிய பதவி' என்ற சொல்லை எழுதியதுமே, பல நிறுவனங்களின் விதிப்படி அதை உள்ளே அறிவித்தாக வேண்டும். 'இப்போதுள்ள பொறுப்பை மாற்றியமைத்தல்' என்று கேட்டால் அந்த நடைமுறை பெரும்பாலும் வராது, ஆள் எண்ணிக்கையும் கூடுவதில்லை. எழுதுமுன் இந்த இரண்டில் எது உங்கள் இடத்தில் எப்படி நடக்கிறது என்று எச்.ஆரிடம் பொதுவாக விசாரித்துவிடுங்கள். போட்டி தவிர்க்க முடியாததென்றால், பரிசோதனைக்காலத்தை முதலில் முடித்து, எண்களோடு விண்ணப்பிப்பதே உங்களுக்குள்ள ஒரே முன்னிலை.

கேள்வி: என் ப்ரொபோசல் தெரிந்ததும் பக்கத்துப் பிரிவினர் "எங்கள் வேலையைப் பிடுங்கப் பார்க்கிறார்" என்கிறார்கள்.

அவர்களிடம் கடைசியில் போனதுதான் பிரச்சினை. காகிதத்தில் எல்லைக்கோடு இருக்கிறதா பாருங்கள்: எதை நான் செய்வேன், எது அவர்களுடையதாகவே இருக்கும், எதில் இருவரும் கேட்டுக்கொண்டு செய்வோம். இந்த மூன்று பத்தியை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் கையாலேயே திருத்தச் சொல்லுங்கள். அவர்கள் வெறுக்கும் ஒரு வேலையை உங்கள் பத்திக்கு எடுத்துக்கொண்டால் பேச்சு சுலபமாகும்.

கேள்வி: சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. நல்ல யோசனை ஒன்று இருக்கிறது.

ஒரு வருடச் சுற்று முழுவதையும் பாருங்கள். இப்போது வீணாகத் தெரியும் ஒரு வேலை, வருடக் கடைசியில் தணிக்கைக்குத் தேவைப்படுவதாக இருக்கலாம். அதுவரை நோட்டில் குறித்து வாருங்கள்.

கேள்வி: முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அந்த வேலையை நான் இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். இனி?

முதலில் எந்த 'முடியாது' என்று பிரித்துக் கேளுங்கள். பணம் இல்லையா, காலம் சரியில்லையா, அந்த வேலையே தேவையில்லையா, அல்லது தேவைதான், நீங்கள் வேண்டாமா? "என்ன மாறினால் உங்கள் பதில் மாறும்?" என்று கேட்டால் பொதுவாக இதில் ஒன்று வெளியே வரும். பணமும் காலமும் என்றால் ஆறு மாதம் கழித்துத் திரும்பலாம். வேலை தேவையில்லை என்றால் உங்கள் எண்களில் எதை அவர்கள் நம்பவில்லை என்று பாருங்கள். நீங்கள் வேண்டாம் என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் நோட்டும் அளவுகோலும் வேறு நிறுவனத்தின் நேர்முகத்தில் பேச உதவும். ஆனால் நிறுவனத்தின் ஃபைல்களை எடுத்துப் போகாதீர்கள், விகிதத்தை மட்டும் சொல்லுங்கள்.

பதவி மாறாமலே வேலையை ஓரளவு மாற்றிக்கொள்வதும் உண்டு. ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-இல் இதற்கு 'ஜாப் கிராஃப்டிங்' என்று பெயரிட்டு எழுதினார்கள். செய்யும் பணிகளைக் கூட்டிக் குறைத்துக்கொள்வது, யார் யாரோடு பழகி வேலை செய்கிறோம் என்பதை மாற்றிக்கொள்வது, வேலையைப் பார்க்கும் பார்வையை மாற்றிக்கொள்வது என மூன்று வகை. யாருடைய ஒப்புதலும் இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பது உங்கள் மேனேஜரைப் பொறுத்தது. சம்பளம் இதனால் மாறாது.

செய்துகொண்டிருக்கும் கூடுதல் வேலையைக் கோபத்தில் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். அதில் பாதிக்கப்படுபவர் உங்களுக்கு 'முடியாது' சொன்னவராக இருக்கமாட்டார். ஒரு மெயில் எழுதுங்கள்: "இன்ன தேதியிலிருந்து என் வழக்கமான பொறுப்புக்கு முழு நேரத்தையும் தரவேண்டியிருக்கிறது. இந்த மூன்று வேலைகளும் இப்போது என்னிடம் இருக்கின்றன. இவை யாரிடம் போகவேண்டும் என்று சொன்னால் இரண்டு வாரத்தில் ஒப்படைத்துவிடுகிறேன்." பெயர் ஒன்றைச் சொல்ல முயலும்போதுதான் பல இடங்களில் பழைய ப்ரொபோசல் மறுபடி மேசைக்கு வருகிறது. வந்தால், எண்களைப் புதுப்பித்துவிட்டுக் கொடுங்கள்.